பெட்டிக்குள் ஒரு பட்டினம்

தூத்துக்குடிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் மக்ரூன் பொட்டலத்துடன் வருவது வழக்கம். நான் இந்தத் தடவை தும்மலுடன் வந்தேன். காரணம், ஒரு தகரப் பெட்டி.

நண்பர் ஒருவர் அங்கே தம் மூதாதையர் வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் அந்தப் பெட்டியும் ஒன்று. திறந்து பார்த்தால் உள்ளே பத்திரமும் இல்லை, பவுனும் இல்லை. பழைய பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து எடுத்த துண்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. வாசலில் பழைய காகிதம் வாங்குகிறவர் தராசுடன் காத்திருந்தார்.

"எடைக்குப் போட்டுவிடலாமா, அம்மா?" என்று நண்பர் கேட்டார்.

"உன் கொள்ளுத் தாத்தா கத்தரித்து வைத்ததப்பா. ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடு" என்றார் அந்த அம்மையார்.

அந்த ஒரு வார்த்தையினால் ஒரு பட்டினத்தின் ஞாபகம் தராசுத் தட்டிலிருந்து தப்பியது. நண்பரும் நானும் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தோம்.

பத்திரிகைத் துண்டுக்கு ஒரு விசேஷம் உண்டு, நேயர்களே! அதற்கு இரண்டு முகங்கள். ஒரு முகம், கத்தரிக்கோல் பிடித்தவர் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தது. மற்றொரு முகம், தற்செயலாகக் கூட வந்தது. முன்பக்கத்தில் கனமான விஷயம் இருக்கும். பின்பக்கத்தில் பஞ்சு விலையும், தைல விளம்பரமும், பாதியில் அறுந்துபோன வாக்கியமும் இருக்கும். பெரியவர் பல துண்டுகளில் தேதி குறிக்கவே இல்லை. ஆகவே முன்பக்கத்துச் சரித்திரத்தின் வருஷத்தை, பின்பக்கத்து விளம்பரத்தைக் கொண்டுதான் நாங்கள் ஊகிக்க வேண்டியிருந்தது!

அந்நாளைய தூத்துக்குடியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ரயில் 1876-இல் அங்கே வந்து சேர்ந்தது. கடலோ கரையோரத்தில் ஆழமில்லாத கடல். பெரிய கப்பல்கள் பல மைலுக்கு அப்பாலேயே நங்கூரமிட்டு நின்றுவிடும். ஆட்களும் மூட்டைகளும் தோணியிலும் படகிலும் ஏறித்தான் கப்பலை அடைய வேண்டும். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும் வரையில், கொழும்புக்குப் போகிற தமிழருக்கு இந்த ஊரே தலைவாசலாக இருந்தது. நடுநடுவே முத்துக்குளிப்பு நடக்கும் வருஷங்களில் ஊருக்குத் திருவிழாக் களை வந்துவிடும். அந்தக் களை 1961-ஆம் வருஷத்துக் குளிப்போடு ஓய்ந்து போயிற்று.

இத்தகைய ஊரில், கப்பல் என்றால் வெள்ளைக்காரருடைய கப்பல் என்றுதான் அர்த்தம். அந்த அர்த்தத்தை மாற்றத் துணிந்தவர், ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை.

பெட்டியில் மிகவும் தடிமனான கட்டு, அவர் ஏற்படுத்திய சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றியதுதான். 1906 அக்டோபரில் அது பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்கள், போட்டிக் கம்பெனியாரின் நிர்ப்பந்தத்தினால் கைவிட்டுப் போயின. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்து சேர்ந்தன. பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகை இந்த முயற்சியைக் கொண்டாடி எழுதியது. 1882-இல் வாரப் பத்திரிகையாகப் பிறந்து 1899-இல் தினசரியான 'சுதேசமித்திரன்' இவ்வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டிருந்ததற்குத் துண்டுகளே சாட்சி.

பிறகு தொடங்கியது கட்டண யுத்தம். வெள்ளைக்காரக் கம்பெனியார் கொழும்புக்குக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள்; சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. கடைசியில் எதிர்த் தரப்பார் கட்டணமே வேண்டாம் என்று சொல்லி, ஏறுகிறவர்களுக்குக் குடையும் இனாமாகக் கொடுக்க முன்வந்தார்கள் என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். இனாம் குடையை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வேறு கப்பலில் ஏறுவது சாமானிய காரியமா? அப்படி ஏறிய பெயர் தெரியாத பிரயாணிகளை நினைக்கும்போது நமக்கு மெய்சிலிர்க்கிறது.

1908-ஆம் வருஷத்துத் துண்டுகளைப் படிக்கையில் நண்பரின் குரல் தணிந்துவிட்டது. பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவமும் அவர்கள் பக்கம் நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச் 12-இல் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிக்கு நால்வர் பலியானார்கள். ஜூலை 7-இல் தீர்ப்பு: பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை! மேல் கோர்ட்டில் தண்டனை பின்னர் குறைந்தது. ஆனால் சிறையில் அவர் செக்கிழுத்ததை எந்தக் கோர்ட்டாலும் அழிக்க முடியவில்லை.

இதற்குப் பிறகு நாங்கள் பெட்டியைத் துழாவினோம். 1909? இல்லை. கம்பெனி கலைக்கப்பட்ட 1911? இல்லை. பிள்ளை விடுதலையான 1912 டிசம்பர்? ஒரு சிறு துண்டுகூட இல்லை. அத்தனை ஆவலோடு கத்தரித்து வந்த கை திடீரென்று நின்றுவிட்டிருந்தது.

"தாத்தாவுக்குப் பயம் வந்துவிட்டதோ?" என்றார் நண்பர்.

இருக்கலாம். போலீஸ் சோதனைக்கு அஞ்சி எத்தனையோ வீடுகளில் எத்தனையோ காகிதங்கள் அடுப்புக்குப் போன காலம் அது. ஆனால் வேறொரு காரணமும் இருக்கலாம். கப்பல் வந்த செய்திக்குப் பத்திரிகையில் இடம் உண்டு. கூட்டம் கூடிய செய்திக்கும் தண்டனை விதித்த செய்திக்கும் இடம் உண்டு. ஒரு கம்பெனி மெள்ள மெள்ள நசிந்து போவது எந்தத் தேதியில் செய்தியாகும்? ஒரு தேசபக்தர் வறுமையில் மண்ணெண்ணெயும் அரிசியும் விற்றுப் பிழைப்பது எந்தப் பத்தியில் இடம் பெறும்?

விடுதலையானபோது பிள்ளையை வரவேற்கச் சிறைவாசலில் நின்றவர்கள் வெகு சிலரே. அவருடைய வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. பின்னர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நாற்பது வருஷச் சிறைவாசத்தை ஓர் ஆங்கிலேயர் விதித்தார். மற்றோர் ஆங்கிலேயர் செய்த சிறு நன்மையை மட்டும் தம் வீட்டுப் பெயராக வைத்துக்கொண்டார் அந்தப் பெரியவர்!

பெட்டியின் அடியில் ஒட்டிக்கிடந்தது கடைசித் துண்டு. 1936 நவம்பர் 18-இல் பிள்ளை தூத்துக்குடியில் காலமான செய்தி அது. இருபத்தெட்டு வருஷ மௌனத்துக்குப் பிறகு கத்தரிக்கோல் மறுபடியும் வெளியே வந்திருக்கிறது. கத்தரித்த கோடு கோணலாக இருந்தது. முதுமையில் நடுங்கிய கையாக இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு பேசும் படத்தின் விளம்பரம்! ஆனால் இந்தத் துண்டில் மட்டும் தேதியைத் தெளிவாக மையால் எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தார்.

இன்று தூத்துக்குடியில் ஆழ்கடல் கப்பல்கள் வந்து நிற்கும் பெருந்துறைமுகம் இருக்கிறது. 1974-இல் அது பெரிய துறைமுகங்களின் வரிசையில் சேர்ந்தது. 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய காரியந்தான். ஆனால் துறைமுகத்துக்குப் பெயர் வைக்க அரசாங்கம் போதும். அந்தப் பெயருக்குப் பின்னால் எட்டணா கொடுத்து ஏறியவனையும், 25 ரூபாய்ப் பங்கு வாங்கியவனையும், அஞ்சி மௌனமானவனையும் ஞாபகம் வைத்திருக்க வீடுகள் வேண்டும்.

ஆகையால், நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை அதற்குக் கொடுங்கள். துண்டுகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். தேதியையும் பத்திரிகையின் பெயரையும் தனிக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் படியுங்கள். எதுவும் இல்லாத வருஷங்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். துண்டுகள் சொல்லாததை அவர்கள் சொல்லக்கூடும்.

பெட்டி மறுபடியும் பரணுக்குப் போகவில்லை. நண்பரின் புத்தக அலமாரியில் இடம்பெற்றுவிட்டது. வாசலில் காத்திருந்த காகித வியாபாரி, இரண்டு கிலோ பழைய பஞ்சாங்கத்தோடு திருப்தியடைந்து போனார்.