மூட்டைக்குள் வந்த ஊர்

'மினாரி' படத்தை நேற்றிரவு மலாக்காவின் கிளேபாங் வீட்டில் மறுபடியும் பார்த்தேன். 1980களில் அமெரிக்காவின் அர்கன்சாவில் காய்கறித் தோட்டம் போட்ட கொரியக் குடும்பம். தண்ணீர்த் தட்டுப்பாடு, கோழிக்குஞ்சுகளில் ஆண் பெண் பிரிக்கும் கூலிவேலை, கணவன் மனைவி சண்டை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதாம். எனக்குள் தங்கியது ஒரு சிறு காட்சி. கொரியாவிலிருந்து வந்த தாய் மிளகாய்த்தூளையும் நெத்திலிக் கருவாட்டையும் எடுத்துவைக்கிறாள், மகள் அழுதுவிடுகிறாள். அந்த அழுகையை எனக்கு நன்றாகத் தெரியும். பால்மரக் காட்டு லயத்தில் வாழ்ந்த என் பாட்டி, ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் மூட்டையைத்தான் பார்ப்பாராம். மிளகாய் வற்றலை மோந்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொல்வார். 1938இல் மலாயாவுக்குத் தோட்டக்கூலிகளை ஆள்சேர்த்து அனுப்புவதை இந்தியா தடுத்தது, பிறகு போர் வந்தது, மூட்டைகளும் நின்றுபோயின. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், காஜா பெராங்கில், ஊர் மூட்டை எப்போதோ நின்றுபோன மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள். வீட்டில் பேசுவது மலாய். தமிழை விட்டவர்கள் என்று நம்மவர்கள் அவர்களைக் குறைசொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. போகியன்று அந்த வீடுகளில் முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் இந்த மண்ணின் சமையல்; அதை உண்ண அழைக்கப்படுகிறவர்கள் அன்று கடல் கடந்து வந்தவர்கள்.