திறனுக்கோர் உரிமம், ஊதியத்துக்கோர் உரிமம்

நாஞ்சில் நாட்டாருக்கு எல்லை என்பது புதிய அனுபவமன்று. இந்திய விடுதலை வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியா. இப்பால் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சி. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபின் அந்த எல்லை இல்லாமலாயிற்று. மேற்கே களியக்காவிளையில் வேறோர் எல்லை உருவாயிற்று. இன்று இம்மாவட்டத்து இளைஞர்களில் பலருக்கு உண்மையான எல்லை இவ்விரண்டும் அல்ல. திருவனந்தபுரத்தில் விமானமேறி வளைகுடாவில் இறங்கும்போதுதான் அவர்கள் எல்லையைக் கடக்கிறார்கள்.

நாகர்கோவிலின் டி.என்.74, மார்த்தாண்டத்தின் டி.என்.75 பதிவெண் கொண்ட வண்டிகளில் ஓட்டப் பழகி, ஆண்டுக்கணக்கில் டெம்போவும் காரும் ஓட்டிய ஒருவர் அங்கே இறங்கியதும் ஓட்டத் தெரியாதவராகிவிடுகிறார். சட்டைப்பையிலுள்ள உரிமம் அவரை அங்கே ஓட்டுநராக்குவதில்லை. இது நியாயமா என்ற கேள்வி நம் பக்கத்தில் அடிக்கடி எழுகிறது. ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்லிவிட முடியாது என்பதே நம் எண்ணம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்றொரு தாள் உண்டு. 1949இன் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் வழி வந்தது. நம் ஆர்.டி.ஓ. அலுவலகங்கள் ஓராண்டுக் காலத்துக்கு அதை வழங்குகின்றன. சுற்றிப் பார்க்கச் செல்பவருக்கு அது போதும். பிழைக்கச் செல்பவருக்குப் போதாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடியிருப்பு அனுமதி பெற்றவுடன் உள்ளூர் உரிமம் எடுத்தாக வேண்டும். பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் முதலிய சில நாட்டவர் தத்தம் உரிமத்தைக் காட்டி அங்கத்திய உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். இந்தியருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் வகுப்புக்குப் போக வேண்டும். எழுத்துத் தேர்வு, வண்டி நிறுத்தும் தேர்வு, சாலைத் தேர்வு என ஒவ்வொன்றாகத் தேற வேண்டும். தவறினால் மீண்டும் வகுப்பு, மீண்டும் கட்டணம். மாதச் சம்பளங்கள் இதிலேயே கரைந்து போகின்றன.

இதை இன வேற்றுமை என்று சினந்து பேசுவோர் நம்மிடையே உண்டு. நாம் அவ்வளவு விரைவில் சினங்கொள்ளத் தயாராக இல்லை. இடப்புறம் ஓட்டிப் பழகிய கை, வலப்புறச் சாலையில் தடுமாறவே செய்யும். சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. அந்த மாற்றத்துக்காக முன்கூட்டியே ஒரு நாட்டையே தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. தனிமனிதன் மட்டும் ஆயத்தமின்றி மாறிவிட முடியுமா? மேலும், ஜப்பானியரின் உரிமத்தை நம்புகிறவர்கள் நம் உரிமத்தை ஏன் நம்பவில்லை என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மைதானத்தில் எட்டுப் போடுவதும், ஆசிரியரின் காலடியிலும் பிரேக் உள்ள டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சில நூறு அடி உருட்டிக் காட்டுவதுமே ஓட்டுநரின் தகுதி என்று நாம் வைத்திருக்கும்வரை, அந்தத் தாளுக்கு அயலார் மதிப்புத் தரவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. வளைவில் முந்துவதையும், ஒலிப்பானை அழுத்திக்கொண்டே வழி வாங்குவதையும் திறமை என்று கருதுகிறோம். ரவுண்டானாவில் உள்ளே சுழல்பவருக்கே முன்னுரிமை என்ற எளிய விதியை நம்மில் எத்தனை பேர் மதிக்கிறோம்?

திறனைச் சோதிக்கும் தேர்வு எவ்வளவு கடுமையானதாயினும் அறமானதே. அது எல்லாரையும் ஒரே கோலால் அளப்பதாகவும், தேர்வெழுதுபவருக்குப் புரியும் மொழியில் நடப்பதாகவும் இருந்தால் போதும். துபாயில் 2015 முதல் தமிழிலும் எழுத்துத் தேர்வு எழுத வழி செய்யப்பட்டது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு நாஞ்சில் நாட்டுத் தொழிலாளிக்கு அது எத்தனை பெரிய கதவு என்பதை ஆங்கிலம் கற்றவர்களாகிய நாம் எளிதில் உணர்ந்துவிட மாட்டோம்.

நம் ஆட்சேபம் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. குவைத்தில் அயல்நாட்டவர் உரிமம் பெறப் பட்டப்படிப்பும், ஈராண்டு வாசமும், 600 தினார் மாத ஊதியமும் வேண்டுமென்று விதி வகுத்தார்கள். சில தொழில்களுக்கு விலக்கு உண்டு. வீட்டு டிரைவர் அவற்றுள் ஒருவர். ஆனால் அவரது உரிமம் அவர் பார்க்கும் வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை மாறினால் உரிமமும் போய்விடும். அதாவது, முதலாளியின் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும்வரை அவர் திறமையானவர். அதே கை, அதே கண், அதே சாலை. சம்பளச் சீட்டில் தொழிற்பெயர் மாறியதும் அவர் சாலைக்கு ஆபத்தானவராகி விடுகிறார்! இங்கே அளக்கப்படுவது ஓட்டுந்திறனன்று, வர்க்கம். நெரிசலைக் குறைக்க என்று காரணம் சொல்கிறார்கள். நெரிசல் உண்மைதான். ஆனால் அதைக் குறைக்கும் பாரம் ஏழை அயலான் தலையில் மட்டும் ஏற்றப்படுவதை எப்படி ஏற்பது? 2013இல் அங்கே போக்குவரத்துக் குற்றங்களுக்காக அயல்நாட்டவர் பலர் நாடுகடத்தப்பட்டனர். உள்ளூர்க்காரனுக்கு அபராதத்தோடு முடிவது, அயலானுக்குப் பிழைப்பையே பறித்துவிடுகிறது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அயலானின் அச்சம் எப்படிப்பட்டது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அமீரகத்தில் விபத்தில் ஒருவர் இறந்தால் செலுத்த வேண்டிய இரத்த ஈட்டுத்தொகை 2 இலட்சம் திர்ஹாம். காப்பீடு அதை ஏற்கும். உரிமமின்றி ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ அது ஓட்டியவரிடமே திரும்பி வரும். ஊரில் வீடு கட்டக் கடன் வாங்கியவருக்கு ஒரு கணத்தின் கவனப்பிசகு போதும், ஆயுள் முழுதும் கடனாளியாவதற்கு. வீட்டு டிரைவர் பெரும்பாலும் தொழிற்சட்டத்தின் நிழலுக்கு வெளியே இருந்தவர். குவைத் 2015இல் இயற்றிய தனிச்சட்டம் அவருக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர உச்சவரம்பும் வாராந்தர ஓய்வும் தந்தது. அது ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வந்தால் நல்லது.

என்ன செய்யலாம்? வலப்புற ஓட்டத்தையும், அந்நாடுகளின் சாலைக் குறியீடுகளையும், சட்டத்தின் விளைவுகளையும் புறப்படும் முன்பே தமிழில் கற்பிக்கும் பயிற்சி நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வேண்டும். ஆளனுப்பும் உடன்பாடுகளில் கையொப்பமிடும் நம் அரசு, ஒருமுறை தேர்ந்து பெற்ற உரிமத்தை வேலையோடு பிணைக்கலாகாது என்று வாதாட வேண்டும். நம் ஊர்த் தேர்வை மெய்யான தேர்வாக்கினால்தான் அந்த வாதத்துக்கு வலுவிருக்கும்.

இலக்கியம் பேசும் நமக்கும் ஒரு கடமை உண்டு. வேலை தேடி பம்பாய் சென்ற நாஞ்சில் நாட்டு இளைஞனை நாஞ்சில்நாடனின் ‘மிதவை’ நமக்குக் காட்டியது. மலையாளத்தில் பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ 2008இல் வெளிவந்தது. மணற்காட்டில் சிக்கிய ஒருவனை கேரளம் தன் வீட்டுப் பிள்ளையாக உணர்ந்தது. நள்ளிரவில் அங்காடி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, முதலாளி வீட்டார் வரும்வரை இருக்கையிலேயே காத்திருக்கும் நம் ஊர்க்காரரோ தமிழ்ப் புனைவின் ஓரத்திலேயே நிற்கிறார். அவர் அனுப்பும் பணத்தில் எழுந்த வீடுகளின் முன்னால் நாம் நாள்தோறும் நடந்து போகிறோம். அந்தப் பணத்துக்குப் பின்னால் எத்தனை தேர்வுகள், எத்தனை அச்சங்கள் இருந்தன என்று கேட்டு எழுத இனியும் தாமதிக்கலாகாது.