உலை அணைந்தது, நஷ்டம் யாருக்கு?

2024 செப்டம்பர் 30ந் தேதி பிரிட்டனில் இரண்டு நெருப்புகள் அணைந்தன. நாட்டிங்ஹாம்ஷயரில் ராட்கிளிஃப் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அந்த நாட்டில் அதுதான். அதே நாளில், வேல்ஸில் போர்ட் டால்பட் என்ற ஊரில் டாடா கம்பெனியின் கடைசி ஊதுலையும் நிறுத்தப்பட்டது.

1882ல் லண்டனில் நிலக்கரி மின் நிலையம் தொடங்கிய நாடு 142 ஆண்டுகளுக்குப் பின் நிலக்கரிக்கு விடை கொடுத்துவிட்டது என்று முதலாளிப் பத்திரிகைகள் கொண்டாடின. விஷயம் உண்மைதான். 2050க்குள் கரியமில வாயுக் கணக்கை நேர் செய்ய வேண்டும் என்று 2019ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சட்டமாயிற்று. அதாவது, நாடு வெளியே விடும் வாயுவும், மரம், மண், இயந்திரம் ஆகியவை திரும்ப இழுத்துக்கொள்ளும் வாயுவும் சமமாக வேண்டும். 1990ல் வெளிவிட்டதில் ஏறக்குறையப் பாதியை இதற்குள் குறைத்தும் இருக்கிறார்கள்.

இதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. பூமி சூடேறுகிறது என்பது முதலாளிகள் கட்டிவிட்ட கதை என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. வெயில் ஏறினால் பங்களாக்காரனுக்கு மின்சார பில் ஏறும். வயலில் நாற்று நடுகிறவளுக்கும் மில்லில் நூல் ஓட்டுகிறவனுக்கும் உயிருக்கே ஆபத்து. புகை குறையத்தான் வேண்டும். நம் கேள்வி ஒன்றே: அதற்கு ஆகும் நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறார்கள்?

பிரிட்டனில் நிலக்கரி சுரங்கம் எப்படி அழிந்தது என்பதை மறக்கக்கூடாது. 1984ல் தாட்சர் சர்க்கார் 20 சுரங்கங்களை மூடவும் 20 ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பவும் முற்பட்டது. சுரங்கத் தொழிலாளர் ஒரு வருஷ காலம் வேலைநிறுத்தம் செய்தனர். 11 ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். முடிவில் பட்டினி அவர்களைத் தோற்கடித்தது. காற்றைச் சுத்தப்படுத்தவா இதைச் செய்தார்கள்? இல்லை, சங்கத்தின் முதுகெலும்பை முறிக்கவே செய்தார்கள். சுரங்கத்தை நம்பியிருந்த ஊர்களுக்கு மாற்று வேலை தேடித் தர எவரும் அக்கறை காட்டவில்லை. பூமிக்கடியில் தோண்டும் கடைசி சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் மின் நிலையங்கள் வெளிநாட்டுக் கரியை வாங்கி எரித்துக்கொண்டுதான் இருந்தன.

இப்போது அந்த ஒரே நாளில் அணைந்த இரண்டு நெருப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ராட்கிளிஃபில் மிச்சமிருந்தவர்கள் சுமார் 170 பேர். மூடும் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. நிர்வாகம் சங்கங்களோடு உட்கார்ந்து பேசியது. சிலருக்கு மறுபயிற்சி, சிலருக்கு வேறு இடத்தில் வேலை, சிலருக்கு நிலையத்தைப் பிரித்தெடுக்கும் வேலை என்று ஏற்பாடாயிற்று.

போர்ட் டால்பட்டில் என்ன நடந்தது? ஊதுலைகளால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டம் என்றது கம்பெனி. பழைய இரும்பை உருக்கும் மின்சார உலைக்கு 125 கோடி பவுன் செலவு. அதில் 50 கோடி சர்க்கார் பணம், ஜனங்களின் வரிப்பணம். மின்சார உலை தயாராகும்வரை ஓர் ஊதுலையாவது எரியட்டும் என்று சங்கங்கள் மாற்றுத் திட்டம் கொடுத்தன. கம்பெனி அதைத் தள்ளிவிட்டது. 2,800 பேர் வரை வேலை இழப்பார்கள் என்று அறிவித்தது. பழைய உலை 2024ல் அணைந்தது. புதிய உலையின் கட்டுமான வேலை 2025 ஜூலையில்தான் தொடங்கிற்று. இடைக்காலத்தில் எஃகுப் பாளங்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகின்றன. அவற்றை உருக்கிய புகை பிரிட்டனின் கணக்கில் ஏறாது. ஏனெனில் தன் எல்லைக்குள் எழும் புகையை மட்டுமே அந்தச் சட்டம் எண்ணுகிறது.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். போர்ட் டால்பட் உலை அணைவதற்குப் பத்தே நாள் முன்பு, செப்டம்பர் 20ந் தேதி, அதே டாடா கம்பெனி ஒடிசாவில் கலிங்கநகரில் இந்தியாவிலேயே பெரிய ஊதுலையை மூட்டிற்று. அதை ஈடுகட்டத்தான் இதைக் கட்டினார்கள் என்று நாம் சொல்லவில்லை. இந்தியாவுக்கு எஃகு வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் அந்த ஆலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து நின்ற ஆதிவாசிகள் பத்துப் பேருக்கு மேல் 2006 ஜனவரி 2ந் தேதி போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார்கள். அங்கே உலையை மூட்ட ஆதிவாசி உயிர் கொடுத்தான். இங்கிலாந்து பக்கம் உலையை அணைக்கத் தொழிலாளி வேலை கொடுத்தான். மூட்டினாலும் அணைத்தாலும் விலை கொடுப்பவன் உழைப்பவன்தானா?

இது விதியல்ல. ராட்கிளிஃபே அதற்குச் சாட்சி. ஆகவே, எந்த நாட்டில் ஆலை மாறினாலும் தொழிலாளர் கேட்க வேண்டியவை தெளிவானவை. மூடும் தேதியைப் பல ஆண்டுகள் முன்பே சொல்ல வேண்டும். மாற்று வேலை தயாராகாமல் ஆட்குறைப்புக் கூடாது. ஒப்பந்தக் கூலிக்கும் அந்த உரிமை வேண்டும். சர்க்கார் பணம் வாங்கும் முதலாளி வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும்.

இவற்றை யாரும் தானமாகத் தர மாட்டார்கள். பலமான சங்கம்தான் வாங்கித் தரும். உலை அணையலாம், உழைப்பாளி வீட்டு அடுப்பு அணையக்கூடாது!