மூக்குக்கும் பசி உண்டு

மருத்துவப் பகுதியில் நாய்களுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை காப்பக நாய்களைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. நம் சங்கக் குடும்பங்களில் சிலர், ஊர் நினைவில், ரங்கூனிலும் தமிழ்நாட்டிலும் உள்ள விலங்குக் காப்பகங்களுக்குப் பணம் அனுப்பி வருகிறார்கள். அந்தப் பணம் அரிசியாகவும் தடுப்பூசியாகவும் மாறுகிறது. நல்ல காரியம். ஆனால் அத்துடன் கடமை முடிந்துவிடாது என்பதே நம் கருத்து.

போட்டாதாங்கை அறிந்தவர்களுக்குத் தெருநாய் புதிதல்ல. ஆற்றங்கரைப் பகோடா அருகிலும் படகுத்துறையிலும் தேநீர்க்கடை வாசலிலும் அவை படுத்திருக்கும். புண்ணியம் என்று சோறு வைப்பவர்கள் உண்டு. அதே நகரத்தில், நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்க விஷம் கலந்த இறைச்சியை மாநகராட்சி வீதியில் போட்ட காலமும் இருந்தது. அந்த விஷத்திலிருந்து நாய்களைக் காப்பாற்றவே சிலர் காப்பகம் நடத்த முன்வந்தார்கள்.

தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவதே வெறிநாய்க்கடி நோயைத் தடுக்கச் சிறந்த வழி என்பது மருத்துவர்களாகிய எங்கள் நிலைப்பாடு. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவதைத் தடுக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் காப்பகங்கள் இல்லாமல் போகப்போவதில்லை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கப்படும் நாய்களைக் காப்பகங்களுக்குக் கொண்டுபோக வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7ஆம் தேதி உத்தரவிட்டது. அப்படி உள்ளே போகும் நாய் எப்படி வாழப்போகிறது?

போட்டாதாங் தெருநாயின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். மொஹிங்கா கொதிக்கும் வாசனை, ஙப்பி வாடை, ஆற்றுச் சேறு, நேற்று இரவு அந்த மூலையைக் கடந்த வேறொரு நாயின் தடம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூக்குக்கு வேலை. நம் மூக்கில் மணத்தை உணரும் அணுக்கள் 50 அல்லது 60 லட்சம் என்றால், நாய்க்கு இனத்தைப் பொறுத்து 30 கோடி வரை உண்டு. அந்த மூக்கை நான்கு சிமெண்ட் சுவருக்குள் அடைத்து, கழுவி விட்ட தரையையும் ஒரு தட்டையும் வைத்தால் என்ன ஆகும்? நாய் ஓயாமல் குரைக்கும், ஒரே இடத்தில் சுற்றும், கம்பியைக் கடிக்கும், அல்லது மூலையில் ஒடுங்கிவிடும். பார்க்க வருபவர்கள் இது முரட்டு நாய் என்று போய்விடுவார்கள். தத்துப் போகாத நாய் இன்னும் நீண்ட காலம் அடைபடும். அதன் நிலை மேலும் கெடும்.

வாசனை இதற்கு உதவுமா என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் காப்பக நாய்கள் 55ஐ வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. லாவெண்டர், சீமைச் சாமந்தி மணங்களில் நாய்கள் அதிகம் படுத்து ஓய்வெடுத்தன, குரைப்பது குறைந்தது. ரோஸ்மேரி, புதினா வகை மணங்களில் நேர்மாறாக நடந்தது. இங்கிலாந்துக் காப்பகம் ஒன்றில் 15 நாய்களிடம் செய்த, 2018இல் வெளிவந்த ஆய்வில், நம் சமையலறைக்குச் சொந்தமான தேங்காயும் இஞ்சியும்கூட நாய்களை அமைதிப்படுத்தின. 2019இல் துராந்தோன், ஹோரோவிட்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு வீட்டு நாய்களைப் பற்றியது. இரண்டு வாரம் மோப்பம் பிடித்து உணவு தேடிய நாய்கள், புதிய சூழ்நிலையை முன்னைவிட நம்பிக்கையோடு அணுகின. எசமானரின் காலடியில் நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. இவை சிறிய ஆய்வுகள்தாம். ஆனால் செலவில்லாத, முறையாகச் செய்தால் தீங்கில்லாத வைத்தியத்தைத் தொடங்க இவ்வளவு போதும்.

செய்யும் முறையும் எளிது. தட்டில் வைக்கும் அதே உணவில் ஒரு பகுதியைப் புல்லிலோ வைக்கோலிலோ தூவிவிடலாம். பழைய துணியில் சுருட்டி வைக்கலாம். அட்டைப் பெட்டியில் கசக்கிய காகிதத்தோடு ஒளித்து வைக்கலாம். வெளியே கூட்டிப் போகும்போது கயிற்றைத் தளர்த்தி, அது முகர விரும்பும் இடத்தில் நின்று முகர விடலாம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. உணவுக்குச் சண்டை வராதபடி ஒவ்வொரு நாய்க்கும் தனியாக வைக்க வேண்டும். அட்டையில் உள்ள ஊக்கு, பிளாஸ்டிக் நாடா ஆகியவற்றை முதலில் அகற்ற வேண்டும். ஒரு நாய் கடித்த அட்டையை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பார்வோ போன்ற நோய்கள் அப்படியே பரவும். செறிவான வாசனைத் தைலங்களை நாயின் உடலில் தடவவே கூடாது. மணமுள்ள துணியை ஒரு பக்கம் வைத்து, பிடிக்காவிட்டால் நாய் விலகிப் போக இடம் விட வேண்டும்.

மனிதருக்கே சோறும் பாதுகாப்பும் இல்லாத பர்மாவில் நாய்க்கு விளையாட்டா என்று சிலர் கேட்பார்கள். 2021க்குப் பின் அங்கே நடப்பதை அறிந்த நமக்கு இக்கேள்வியின் நியாயம் புரிகிறது. ஆனால் இதற்குக் கூடுதலாக ஒரு பிடி அரிசியும் வேண்டாம். இருக்கும் உணவைக் கொடுக்கும் விதம் மட்டும் மாறுகிறது. அமைதியான நாய் விரைவில் ஒரு வீட்டுக்குப் போகும், பராமரிப்பவரைக் கடிக்கும் வாய்ப்பும் குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதரையும் நாயையும் ஒப்பிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். ஆனால் அகதி முகாம்களில் வாழ்ந்து வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். குறித்த நேரத்தில் சோறு வந்தது, ஊசியும் போட்டார்கள். இருந்தும் பலரை நோயாளியாக்கியது, காலையில் எழுந்து செய்ய ஒன்றுமே இல்லாத நாட்கள்தாம். உயிரைக் காப்பது முதல் படி. அந்த உயிருக்கு ஒரு வேலையும் கொடுப்பது இரண்டாவது படி.

ஆகவே அடுத்த முறை காப்பகத்துக்குப் பணம் அனுப்பும்போது, எத்தனை மூட்டை அரிசி வாங்கினீர்கள் என்பதோடு நாய்கள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் மோப்பம் பிடிக்க விடப்படுகின்றன என்றும் கேட்போம். நாம் வாழும் ஊரிலும் காப்பகங்கள் உண்டு. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்குள்ளவர்களின் அனுமதியோடு, நாலு அட்டைப் பெட்டிகளில் உணவை ஒளித்து வைக்கக் கற்றுக்கொடுப்போம்.