தரிசுப் பட்டியலில் சதுப்பு

ஒரே நிலத்துக்குத் தலைநகரில் இரண்டு பெயர்கள் உண்டு. சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஈரநில விதிகள், சதுப்பையும் மட்காத தாவரப் படிவுகள் திரண்ட நிலத்தையும் பெயர் சொல்லி ஈரநிலம் என்கின்றன. ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறை 2019-இல் வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுப்போ, நீர் தேங்கிய சதுப்பைத் தரிசு வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தைத் தேடி அடுத்து வருவது "மேம்பாட்டுத் திட்டம்" என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இம்முரண்பாட்டின் பொருளை அறியக் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலோரத்தைப் பார்க்க வேண்டும். சத்தியாகிரகத்தால் தமிழர் நன்கறிந்த வைக்கத்தைச் சுற்றியும், தெற்கே புறக்காட்டிலும் உள்ள நிலத்துக்கு ஊர்மக்கள் இட்ட பெயரே 'கரி'. கறுத்த அம்மண்ணுக்குள் பழங்காட்டின் மரத்துண்டுகள் புதைந்து கிடக்கின்றன. நீரில் மூழ்கி, காற்றுப் புகாத நிலையில், இலையும் வேரும் முழுதும் மட்காமல் படிந்து உருவான மண் அது. நீர் நிற்கும்வரை தொல்லையில்லை. வடிந்து காற்றுப் பட்டால் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலமாகும், நெற்பயிர் கருகும், சுண்ணாம்பு இட்டும் நீர் பாய்ச்சிக் கழுவியும் உழவர் போராட வேண்டும். தேங்கிய கரிமம் கரியமில வாயுவாக வெளியேற, நிலமும் தாழும்.

இந்த நீரோரத்தை வேரால் பிடித்து நிற்பவை தாழை, நீர்ப்பருத்தி, காட்டரளி, சமுத்திரப்பழம், ஆளுயரச் சதுப்புப் பெரணி ஆகியவை. அலையாத்திக் காட்டின் கவர்ச்சி இப்புதர்களுக்கு இல்லை; சட்டத்திலும் அந்த மதிப்பில்லை. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அலையாத்தியையும் உவர்ச் சதுப்பையும் பெயர் சுட்டிக் காக்கிறது. நன்னீர்ப் புதர்ச் சதுப்புக்கு அப்பட்டியலில் இடமில்லை. ஈரநில விதிகளோ நெல்வயலை விலக்கிவிட்டன. வரப்போரப் புதரும் வயலோடு சேர்த்து விலக்கப்பட இடமுண்டு. வேம்பநாடு 2002 முதல் ராம்சர் தலம் என்பது இந்த ஓட்டையை அடைத்துவிடாது. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நெல்வயலையும் ஈரநிலத்தையும் சேர்த்தே காக்க முனைந்தது. ஆனால், அதன் 2018 திருத்தம், பட்டியலில் சேராத நிலங்களைக் கட்டணம் செலுத்தி வேறு பயனுக்கு மாற்ற வழி திறந்தது.

2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,31,195 ஈரநிலங்களைக் களத்தில் சரிபார்த்து எல்லை வரையுமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. பரப்பை அளக்கும் அதிகாரி, அங்கு என்ன வளர்ந்திருக்கிறது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கோடையில் நீர் வற்றலாம். தாழையும் பெரணியும் நிலத்தின் இயல்பை ஆண்டு முழுதும் காட்டும். நீரை மட்டுமே தேடும் அளவைக்குழு, கோடையில் சென்றால் பல சதுப்புகளைக் காணாமலே திரும்பும்.

அதற்கும் முன்பாக, தரிசுநிலத் தொகுப்பின் அடுத்த பதிப்பில் சதுப்பு என்ற வகையை நீக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. இரண்டு அமைச்சகங்களின் செயலர்கள் கூடிப் பேசினாலே போதும்.