மன்றக் கூட்டத்தில் நமக்கும் இடமுண்டு

தோட்டத்தில் இருந்தவரை கால்வாய் அடைத்தால் கிராணியிடம் சொன்னோம். தாமானுக்கு வந்தபின் ஊராட்சி மன்ற உறுப்பினரைத் தேடுகிறோம். ஆனால், அவர் நாம் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, தீபகற்ப மாநிலங்களில் மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. ஓட்டுக் கேட்டு வராதவரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

அதே சட்டத்தின் 23ஆவது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் முழுக் கூட்டத்தைப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் நேரில் பார்க்கலாம். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. கூட்டத்தில் நாம் பேசலாம் என்றும் அப்பிரிவு சொல்லவில்லை.

இருந்தாலும், நம் கால்வாயைப் பற்றி யார் பேசினார், யார் வாய் திறக்கவில்லை என்பது தெரிந்துவிடும். மதிப்பீட்டு வரி கட்டுகிற நாம், கூட்டத் தேதியைக் கேட்டு நாலு பேராகவாவது போய் உட்கார வேண்டும்.