கறுத்ததெல்லாம் கடுங்காபி அல்ல



ஊரைவிட்டுக் கொல்கத்தாவில் குடியேறிய நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு: "நம் ஊர்க் காபியின் ருசி இங்கே வருவதில்லை, தண்ணீர் சரியில்லை." தண்ணீருக்கும் ருசியில் பங்குண்டு. ஆயினும் அதன்மேல் பழிபோடுமுன், கொட்டை எவ்வளவு வறுபட்டது என்பதைக் கவனியுங்கள்.

பச்சைக் காபிக் கொட்டையில் நாம் அறிந்த காபி மணம் இல்லை. அதை நெருப்பே தருகிறது. வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை எட்டும்போது கொட்டை சடசடவென வெடிக்கும். இந்த முதல் வெடிப்பு அடங்கியதும் இறக்கினால் இளவறுவல்: நிறம் வெளிர்பழுப்பு, புளிப்புத் தூக்கல், விளைந்த தோட்டத்தின் சுவையும் நாவில் தெரியும். இன்னும் சற்று வறுத்தால் நடுவறுவல்: புளிப்புத் தணிந்து, இனிப்பும் கசப்பும் இசைந்து நிற்கும். 225 டிகிரியையொட்டி இரண்டாம் வெடிப்பு கேட்கும். அதன்பின் கருவறுவல்: கொட்டையின்மேல் எண்ணெய் பளபளக்கும், கசப்பும் புகைமணமும் மேலோங்கும்.

கறுத்த காபியே 'ஸ்ட்ராங்' என்று எண்ணாதிருங்கள். எடைக்கு எடை பார்த்தால், வறுவலால் காஃபீன் அளவு பெரிதும் மாறுவதில்லை. மேலும், டிகாக்ஷனுக்குக் கருநிறமும் கொழுமையும் தருவது பலவேளைகளில் சிக்கரி. அது வறுத்த வேர். அதில் காஃபீன் கிடையாது. கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு விதி. உறையில் அச்சிட்ட அளவை வாசித்தே வாங்குங்கள்.

காலேஜ் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் 1942-இல் தொடங்கிய காபி ஹவுஸில் 'இன்ஃப்யூஷன்' என்று கேட்டால் பாலில்லாக் காபி வரும். பால் இல்லாதபோதுதான் வறுவலின் குணம் வெளிப்படும். வீட்டிலும் பால், சர்க்கரை சேர்க்குமுன் டிகாக்ஷனில் சிறிது வெந்நீர் கலந்து ருசித்துப் பாருங்கள்.

இது நாவுக்கான காரியம் மட்டுமல்ல. வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருக்கிறாரா? கசப்பை மறைக்கத்தானே இரண்டாம் கரண்டி சர்க்கரை போடுகிறோம்? கருவறுவலை விட்டு நடுவறுவலுக்கு மாறிப் பாருங்கள். அந்தக் கரண்டி தேவைப்படாமலே போகலாம்.

அடுத்தமுறை லேக் மார்க்கெட் பக்கம் போகும்போது, "கால் கிலோ பொடி" என்று மட்டும் கேளாமல், "மீடியம் ரோஸ்ட்டா? சிக்கரி எவ்வளவு?" என்றும் கேளுங்கள். இந்நகரின் ஈரக்காற்றில் பொடி விரைவில் மணம் இழக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தண்ணீரைப் பற்றிய குறை பாதியாவது தீரும்.